பஞ்சுக் கிடங்கில் டிஷ் எல்.என்.பி (டிஷ் முனையில் அலையைப் பிடித்துப் பெருக்கும் பெட்டி) வைத்துத் தீயைக் கண்டுபிடிக்க முடியுமா? (பஞ்சுப்பொதி, அலைநீளம், சாலிடர் ஆகியவை பேசுவோரின் புனைபெயர்கள்.)

பஞ்சுப்பொதி:
30 மீட்டர் நீளக் கிடங்கு. தூசியால் புகை சென்சார் அடிக்கடி வீணாக அலறுகிறது. பொதிக்குள் புகையும் தணலை முன்னதாகவே பிடிக்க வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் ஆர்.சி.டபிள்யூ.எல்-0516, எச்.பி-100 மாதிரி மலிவான மைக்ரோவேவ் சென்சார் போதுமா?

அலைநீளம்:
அவை இரண்டும் உதவாது. தாமே அலையை அனுப்பி, அசைவை மட்டும் பார்ப்பவை அவை, வெப்பம் தெரியாது. உங்களுக்குத் தேவை, சூடான பொருள் தானாக உமிழும் அலையைக் கேட்கும் கருவி. அதற்கு டிடிஎச் டிஷ்ஷும் யுனிவர்சல் எல்.என்.பி-யும் போதும்.

கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ டிஷ்ஷின் பார்வை 11 கிகாஹெர்ட்ஸில் சுமார் 3 டிகிரி. 30 மீட்டரில் 1.7 மீட்டர் வட்டம். அதில் 30 செ.மீ சதுரத்துக்கு 900 கெல்வினில் (சுமார் 630 டிகிரி செல்சியஸ்) தணல் இருந்தால் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 20 கெல்வின் உயரும். எல்.என்.பி-யின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால் அது சிக்னலில் 0.2 டெசிபல் (சுமார் 5 சதவீதம்) உயர்வுதான். 10 செ.மீ தணல் அந்தத் தூரத்தில் சிக்கும் என்று நம்ப வேண்டாம்.

புகையும் தூசியும் தடையில்லை, அலைநீளம் 2.7 செ.மீ. உலர்ந்த பஞ்சுக்குள்ளிருந்தும் ஓரளவு வரும். ஈரப் பொதியிலிருந்து வராது, தகரத்தைத் தாண்டவே தாண்டாது. இன்னொன்று: உமிழ்வது தணல்தான். கேஸ், ஸ்பிரிட் சுவாலை இந்த அலைக்குக் கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடி மாதிரி, அலை ஊடுருவிப் போய்விடும், சுவாலை தெரியாது.

சாலிடர்:
இணைப்பு: எல்.என்.பி-க்கு பயாஸ் டீ (சிக்னல் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும் சிறு இணைப்பு) வழியாக 13 வோல்ட் கொடுங்கள், 22 கிலோஹெர்ட்ஸ் டோன் (அலைவரிசையை மாற்றச் சொல்லும் சைகை) வேண்டாம். வெளிவரும் 950–1950 மெகாஹெர்ட்ஸ் சிக்னல், 100 பிக்கோஃபாரட் கபாசிட்டர் கடந்து ஏ.டி-8318 டிடெக்டருக்கு (சிக்னல் வலுவை வோல்டேஜாக மாற்றும் சிப்) போகட்டும். கபாசிட்டரை மறந்தால் 13 வோல்ட் நேரே டிடெக்டரில் ஏறிவிடும். கூடுதல் ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. பிறகு ஏ.டி.எஸ்-1115 (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்), 2.048 வோல்ட் ரேஞ்ச்.

டிடெக்டர் தலைகீழ்: சூடு கூடினால் வோல்டேஜ் குறையும், டெசிபலுக்குச் சுமார் 25 மில்லிவோல்ட். மேலே சொன்ன தணலுக்கு 5 மில்லிவோல்ட், அதாவது 80 எண்ணிக்கை. தாராளம்.

சோதிக்க, டிஷ்ஷை வெளியே எடுத்து வானத்தையும் தரையையும் மாறிமாறிக் காட்டுங்கள். 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வர வேண்டும். தமிழ்நாட்டில் சாட்டிலைட் வரிசை தலைக்குச் சற்றுத் தெற்கே போவதால் வடக்கு வானத்தையே பாருங்கள்.

பஞ்சுப்பொதி:
நன்றி. மேசையில் வைத்துப் பார்த்ததில் மதியம் ரீடிங் மெல்ல நகர்கிறது, இடையிடையே குதிக்கிறது.

அலைநீளம்:
நகர்வது எல்.என்.பி-யின் கெயின் (பெருக்கும் அளவு). அந்தப் பெட்டியின் சூடு சில டிகிரி மாறினாலே 0.2 டெசிபல் போய்விடும், அதனால் ஒரே இடத்தைப் பார்த்து அலாரம் வைக்கவே கூடாது. டிஷ்ஷை மோட்டாரில் 3 டிகிரி படியாகத் திருப்பி, படிக்கு 2 நொடி நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெறும் சுவரைப் பார்த்து அந்த ரீடிங்கைக் கழியுங்கள். ஒரே படி மூன்று சுற்று தொடர்ந்து உயர்ந்தால் மட்டும் அலாரம்.

குதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் செல்போன். 1800 மெகாஹெர்ட்ஸ் உங்கள் கேபிள் அலைவரிசைக்குள்ளேயே விழுகிறது. டிடெக்டரை மூடிய உலோகப் பெட்டியில் வையுங்கள், எஃப் கனெக்டரை இறுக்குங்கள். எரியும் டியூப்லைட்டும் இதற்குக் கொதிக்கும் பொருளாகவே தெரியும். பார்வைக்குள் இருந்தால் எல்.இ.டி-க்கு மாற்றுங்கள். ஜன்னல் வழியே மாலை வெயில் விழும் திசையையும் விலக்குங்கள்.

சாலிடர்:
ஒன்றே ஒன்று: இது வந்துவிட்டது என்று புகை சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள். தூசிக்கு அதன் அறையை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.