புதுப்பிப்பு: கல் போல இறுகிய பிரேக் பெடல், தடுமாறிய ஐடில்

என் 1996 மாடல் கார்பரேட்டர் காரில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகுகிறது, ஐடிலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பூஸ்டரை, அதாவது எஞ்சினின் வேக்குவத்தை (உறிஞ்சும் விசையை) வைத்து பிரேக் மிதியை லேசாக்கும் பாகத்தை, மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை, நல்லவேளை.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்தேன். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தேன். வேக்குவம் சரியாக இருந்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும், அசையவே இல்லை. அப்புறம் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) பக்கம் அழுத்திப் பிடித்தேன், ஐடில் உடனே சீரானது. பூஸ்டர் பக்கம் பிடித்தால் எந்த மாற்றமும் இல்லை. அப்படியென்றால் கசிவு நடுவில்தான். கழற்றிப் பார்த்தால், வளைவின் அடிப்பக்கம் பிராக்கெட்டில் உரசி நீளமாகப் பிளந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஒருவழி வால்வும் போயிருந்தது. பூஸ்டரிலிருந்து எஞ்சின் பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். ஊதினால் இரண்டு பக்கமும் போனது. எஞ்சின் அணைந்ததும் முதல் மிதியிலேயே பெடல் இறுகியதற்கு அதுதான் காரணம்.

இரண்டையும் மாற்றினேன். ஐடிலில் 12 அங்குலம் (பாதரச அளவு) காட்டிய வேக்குவம் கேஜ் இப்போது 18-இல் அசையாமல் நிற்கிறது. தண்ணீர் ஹோஸை மட்டும் போட்டுவிடாதீர்கள், உறிஞ்சும்போது அது சப்பிக்கொள்ளும். கசிவை மறைக்க யாரோ ஏற்றி வைத்திருந்த ஐடில் ஸ்க்ரூவையும் இறக்கிவிட்டேன்.