பெஸ்ஸெமர் எஃகில் பாஸ்பரஸ் ஏன் நீங்கவில்லை?

வினா: ஹென்றி பெஸ்ஸெமர் 1856-இல் அறிவித்த முறையில், உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தும்போது கரியும் சிலிக்கானும் எரிந்து நீங்குகின்றன. பாஸ்பரஸும் ஆக்சிஜனோடு சேரக்கூடியதுதானே, அது மட்டும் ஏன் இரும்பிலேயே தங்கிவிட்டது?

மறுமொழி 1: குறை காற்றில் இல்லை, உலையின் உட்சுவரில் இருந்தது. பாஸ்பரஸ் ஆக்சைடு அமிலத் தன்மையுடையது. அதைப் பிடித்து வைக்கச் சுண்ணாம்பு மிகுந்த கசடு (உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கழிவு) வேண்டும். அன்றைய உட்சுவரோ சிலிக்காவால் ஆனது, அதுவும் அமிலமே. சுண்ணாம்பைப் போட்டால் கசடு சுவரையே அரித்துவிடும். போடாவிட்டால் பாஸ்பரஸ் இரும்பிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட எஃகு சூட்டில் சுத்தியலடிக்கு நன்றாகவே வளைந்துகொடுக்கும், ஆனால் குளிர்ந்தபின் ஓர் அடியில் பளபளக்கும் பெருமணிகளாக முறியும். பெஸ்ஸெமரின் தொடக்கச் சோதனைகளுக்குப் பாஸ்பரஸ் குறைந்த, வேல்ஸிலுள்ள பிளெனவான் ஊரின் இரும்பு தற்செயலாக வாய்த்ததால் இந்தச் சிக்கல் அவர் கண்ணில் படவில்லை.

மறுமொழி 2: தீர்த்தவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், லண்டன் காவல் நீதிமன்றம் ஒன்றின் எழுத்தர்! பிளெனவானில் வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்டுடன் சேர்ந்து சோதித்து, 1878-இல் முடிவை அறிவித்தார். காரத் தன்மையுள்ள, சுட்ட டோலமைட் என்னும் கல்லால் உட்சுவர் அமைத்து, சுண்ணாம்பையும் உள்ளே இட்டார்கள்.

வினா எழுப்பியவர்: நன்றி. அந்தக் கசடு வீணாயிற்றா?

மறுமொழி 2: இல்லை, அரைத்து வயலுக்கு உரமாக விற்றார்கள்.