த்ரீ-பெட்டுக்குத் தமிழ்ச் சொல்: கட்டா, எதிரேற்றமா, படியா?

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சீட்டாட்டக் கலைச்சொற்களில் டெக்சஸ் ஹோல்டம் (போக்கர் வகை) பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'த்ரீ-பெட்', அதாவது ஒருவர் ஏற்றிய பந்தயத்தின்மேல் இன்னொருவர் மறுபடி ஏற்றுவது, மட்டும் தீராமல் நிற்கிறது. இது முடிவானால்தான் ஃபோர்-பெட், ஃபைவ்-பெட், ஸ்குவீஸ் எல்லாம் நகரும். ஆறு பேர் மேசையில் நடுச்சீட்டு (எல்லாருக்கும் பொதுவான சீட்டுகள்) விரியும் முன் நடக்கும் சண்டை முழுவதும் இந்தச் சொற்களில்தான் பேசப்படுகிறது.

இதுவரை வந்த பரிந்துரைகள் இரண்டு: 'மும்மடிப் பந்தயம்', 'மறு உயர்த்தல்'. இரண்டும் பொருந்தவில்லை.

மும்மடி என்றால் தொகை மூன்று மடங்கு என்று பொருள். த்ரீ-பெட்டில் உள்ள மூன்று, தொகையைக் குறிப்பதில்லை. தொகை வரம்புள்ள பழைய ஆட்டத்தில் ஒவ்வொரு ஏற்றமும் ஒரே அளவு. பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகளில் பெரியது) ஒரு பந்தயம், அதன்மேல் ஏற்றினால் இரண்டு, மறுபடி ஏற்றினால் மூன்று. அங்கே எண்ணும் தொகையும் ஒன்றாகவே போயின. வரம்பில்லா ஆட்டத்துக்கு வந்தபோது தொகை கழன்றுகொண்டது, எண் மட்டும் மிஞ்சியது. இதில் ஒரு தற்செயல் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. நடுச்சீட்டு விரிந்த பின் கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் ('பட்டன்') இருப்பவர் 2.5 அலகுத் திறப்பின்மேல் (முதல் ஏற்றத்தின்மேல்) 7.5 அலகு வைப்பது வழக்கம், அது சரியாக மும்மடங்கு. சிறிய பிளைண்டில் இருந்து வைத்தால் 11 அலகு, நான்கு மடங்கையும் தாண்டிவிடும். அதுவும் த்ரீ-பெட்தான். 'மும்மடி' என்று கற்றவர் அங்கேயும் 7.5 வைத்துவிட்டு, எல்லாரும் ஏன் மலிவாக ஈடுகட்டி உள்ளே வருகிறார்கள் என்று திகைப்பார்.

'மறு உயர்த்தல்' பொருளில் சரி. ஆனால் ஃபோர்-பெட்டும் மறு உயர்த்தல்தான், ஃபைவ்-பெட்டும் அதுவே. பிரித்துக் காட்டாத சொல் பட்டியலுக்கு உதவாது.

(அலகு என்று நான் எழுதுவது ஒரு பெரிய பிளைண்டின் அளவை; சிறிய பிளைண்ட் அரை அலகு. இந்த இழை முழுக்க அப்படியே வைத்துக்கொள்வோம்.)

மடல் 2

வணக்கம்.

தமிழில் பந்தயம் வைப்பதில்லை, 'பந்தயம் கட்டுகிறோம்'. ஆகவே பெட் என்பதற்குக் 'கட்டு' போதும். பிளைண்ட் 'முன்கட்டு'. சீட்டைப் பார்க்கும் முன் கட்டாயமாகக் கட்டுவது. அதைக் 'குருட்டுப் பந்தயம்' என்று மொழிபெயர்ப்பது தேவையற்ற சுமை. தவிர, மூன்று சீட்டு ஆட்டத்தில் பிளைண்ட் என்றால் கையைப் பார்க்காமலே தொடர்ந்து ஆடுவது. அது வேறு பொருள்.

இனி வரிசை: இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, நான்காங்கட்டு. மீதிச் சில்லு முழுவதையும் வைக்கும் ஆல்-இன் 'முழுக்கட்டு'. எதிராளி வைத்த அளவுக்குச் சமமாக வைப்பது, அதாவது கால் செய்வது, 'ஈடுகட்டுதல்', ஏற்கெனவே மொழியில் இருக்கும் சொல். கைச்சீட்டைப் போட்டு விலகுவது, அதாவது ஃபோல்ட் செய்வது, 'கவிழ்த்தல்'. ஒரே வேர் குடும்பம் முழுவதையும் தாங்குகிறது.

மடல் 3

> இனி வரிசை: இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு

ஐயா, முன்கட்டும் ஈடுகட்டுதலும் மிக நன்று, அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண்ணோடு சேரும்போதுதான் சிக்கல். சீட்டாட்டப் பேச்சில் 'கட்டு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது சீட்டுக்கட்டு. 'மூன்றாங்கட்டில் ஏஸ் இருந்தது' என்றால் மூன்றாவது சீட்டுக்கட்டு என்றே வாசிப்பார்கள். இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு பழைய வீட்டின் பகுதிகளுக்கும் பெயர். போதாததற்கு நடுச்சீட்டு விரியும் நிலைகளைக் 'கட்டம்' என்று இதே பட்டியலில் முடிவு செய்திருக்கிறோம். 'மூன்றாம் கட்டத்தில் மூன்றாங்கட்டு' என்று ஒரு வாக்கியம் வந்தால் யாருக்கும் புரியாது.

ஏலத்தில் ஒருவர் கேட்டதற்கு மேலே கேட்பதை 'ஏற்றிக் கேட்பது' என்கிறோம். ரெய்ஸ் என்பதன் அசல் பொருள் அதுவே. ஆகவே ரெய்ஸ் 'ஏற்றம்'. என் பரிந்துரை எண்ணையே விட்டுவிடுவது: முதலில் ஏற்றியவர் செய்தது 'திறப்பு', அதை எதிர்த்து ஏற்றுவது 'எதிரேற்றம்', திறந்தவர் அதற்குத் திருப்பிக் கொடுப்பது 'பதிலேற்றம்'.

எதிர் என்ற அடை ஏன் அவசியம் என்றால், ஆறு பேர் மேசையில் இந்தச் செயல் உண்மையிலேயே திறப்பவரின் இடத்தை எதிர்த்துச் செய்யப்படுவது. ஒன்பது பேர் மேசையில் ஒரு கைக்கு முன்கட்டுச் செலவு சராசரி 0.17 அலகு (1.5ஐ ஒன்பதால் வகுத்தால்). ஆறு பேரில் அது 0.25. காத்திருப்பதன் விலை கூடுகிறது, ஆகவே எல்லாரும் விரிவாகத் திறக்கிறார்கள். பட்டனில் 45 விழுக்காடு கைகளைத் திறப்பவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் கை என்பது இரண்டு சீட்டு; மொத்தம் 1326 இருசீட்டுச் சேர்க்கைகளில் அது சுமார் 597. சிறிய முன்கட்டில் இருப்பவர் 11 அலகுக்கு எதிரேற்றம் செய்கிறார். ஏற்கெனவே அரை அலகு உள்ளே இருப்பதால் புதிதாகப் போடுவது 10.5, நடுவில் கிடப்பது 4. 10.5ஐ 14.5ஆல் வகுத்தால் 72.4 விழுக்காடு. அத்தனை முறை எல்லாரும் கவிழ்த்தால், கையில் என்ன சீட்டு இருந்தாலும் நட்டமில்லை.

பெரிய முன்கட்டுக்காரர் ஒதுங்கிவிட்டதாகக் கொண்டால், திறந்தவர் இதைத் தடுக்க 27.6 விழுக்காடு கைகளோடு, அதாவது சுமார் 165 சேர்க்கைகளோடு, தொடர வேண்டும். ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-ராஜா எல்லாம் சேர்த்தே 34தான். மீதி 131ஐ நடுத்தரக் கைகளிலிருந்து தேடி எடுக்க வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை, எதிரேற்றம் பலிப்பது அங்கேதான். அதே ஆள் முதல் இருக்கையில் 17 விழுக்காடு மட்டும் திறந்தால் சேர்க்கைகள் 225, தொடர வேண்டியது 62. அதை நல்ல கைகளே நிரப்பிவிடும்: மேலே சொன்ன 34, ஜாக், பத்து, ஒன்பது ஜோடிகள் 18, ஒரே இன ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக், ராஜா-ராணி 12. கூட்டினால் 64. ஆக, யாரை எதிர்க்கிறோம் என்பதே இந்தச் செயலின் உயிர். எண் அதைச் சொல்லாது, 'எதிர்' சொல்லும்.

மடல் 4

எதிரேற்றம் அழகான சொல், கணக்கும் சரி. ஆனாலும் எண்ணை விட முடியாது.

கட்ஆஃப் (பட்டனுக்கு முந்தைய இருக்கை) திறக்கிறார், பட்டன் எதிரேற்றம் செய்கிறார், அதுவரை முன்கட்டைத் தவிர எதுவும் போடாத சிறிய முன்கட்டுக்காரர் 22 அலகுக்கு ஏற்றுகிறார். இது 'கோல்ட் ஃபோர்-பெட்'. திறந்தவர் அவர் அல்லர், ஆகவே பதிலேற்றம் ஆகாது. இன்னோர் எதிரேற்றம் என்றால் இரண்டு எதிரேற்றங்கள் ஆகிவிடும். வெளியிலிருந்து வந்து ஏற்றியதால் 'வெளியேற்றம்' என்றால் ஆளைத் துரத்துவது என்று பொருள் வரும். எதிரும் பதிலும் இருவர் சண்டைக்குப் போதும். மூன்றாம் ஆள் நுழைந்ததும் சொற்கள் கைவிட்டுவிடுகின்றன.

எண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மீதிச் சில்லு எவ்வளவு ஆழம் என்பதை அது ஒரே நொடியில் சொல்லிவிடும். ஆளுக்கு 100 அலகு என்று கொள்வோம். பட்டன் 2.5க்குத் திறந்து பெரிய முன்கட்டு ஈடுகட்டினால் நடுத்தொகை 5.5, மீதி 97.5, அதாவது நடுத்தொகையைப்போல் ஏறக்குறைய 18 மடங்கு. சிறிய முன்கட்டு 11க்கு ஏற்றிப் பட்டன் ஈடுகட்டினால் நடுத்தொகை 23, மீதி 89, நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. பட்டன் 24க்கு ஏற்றி அது ஈடுகட்டப்பட்டால் 49க்கு 76, ஒன்றரை மடங்கு. முதல் வகையில் ஒற்றை ஜோடியோடு மொத்தச் சில்லையும் இழப்பது பெரும்பாலும் பிழை. மூன்றாம் வகையில் மேல் ஜோடியை (நடுச்சீட்டில் மிகப் பெரியதோடு சேர்ந்த ஜோடியை) கவிழ்ப்பதே பெரும்பாலும் பிழை. இந்த வேறுபாடு முழுவதும் மூன்று, நான்கு என்ற எண்ணில் அடங்கியிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'படி'. ஏற்றம் என்றாலே படி உண்டு. முன்கட்டு முதற்படி, திறப்பு இரண்டாம்படி, அதன்மேல் மூன்றாம்படி, நான்காம்படி. வினையாகச் சொன்னால் 'மூன்றாம்படி ஏற்றினார்'. முதற்படியை முன்கட்டே பிடித்துக்கொள்வதால், ஏற்றம் இரண்டுதானே, ஏன் மூன்று என்கிறீர்கள் என்ற புதியவரின் கேள்விக்கும் விடை சொல்லிலேயே இருக்கிறது. கோல்ட் ஃபோர்-பெட் 'புதியவர் நான்காம்படி'. எதிரேற்றம் என்ற சொல்லை இழக்க வேண்டாம். எந்தப் படியானாலும், எதிராளியின் ஏற்றத்தின்மேல் ஏற்றுவதற்குப் பொதுப்பெயராக அது இருக்கட்டும்.

மடல் 5

> என் பரிந்துரை 'படி'

'மூன்றாம்படி' என்பதை மூன்றாவது நகல் என்றும் வாசிக்கலாம். ஆனால் 'ஏற்று' என்ற வினை பக்கத்தில் இருந்தால் அந்த ஐயம் எழாது. எனக்கு உடன்பாடு.

ஒரு வேண்டுகோள். 'மூன்றாம்படி விகிதம்' என்று பட்டியலில் சேர்க்கும்போது அதன் பகுதி எண் எது என்பதை விளக்கத்திலேயே எழுதுங்கள். ஆடிய எல்லாக் கைகளும் அல்ல, தனக்கு முன்னால் யாரோ திறந்திருந்த கைகள் மட்டும். இதைத் தவறவிட்டால் எதிராளியைத் தலைகீழாகப் படித்துவிடுவோம். ராணி ஜோடி முதல் மேலும், ஏஸ்-ராஜாவும் சேர்ந்து 34 சேர்க்கை, 2.6 விழுக்காடு. விகிதம் 2.5 உள்ளவரிடம் அதைத் தவிர வேறு எதுவும் இருக்க இடமில்லை. விகிதம் 10 என்றால் சுமார் 133 சேர்க்கை, வலுவான அந்த 34 அதில் கால் பங்குதான். முதலாமவருக்கு ஜாக் ஜோடியைக்கூடத் தயங்கிக் கவிழ்க்கலாம், இரண்டாமவருக்குக் கவிழ்த்தால் பணத்தை வாரிக் கொடுக்கிறோம்.

ஸ்குவீஸ்: ஒருவர் திறந்து, இன்னொருவர் ஈடுகட்டிய பிறகு, மூன்றாமவர் ஏற்றுவது. 'பிழிவு' என்று எழுதுவது படத்தை மட்டும் பெயர்க்கிறது, செயலைச் சொல்லவில்லை. நடுவில் மாட்டிய இருவரையும் நெருக்குவதே இதன் வேலை: திறந்தவருக்குப் பின்னால் இன்னும் ஓர் ஆள் இருக்கிறார், ஈடுகட்டியவரோ பெரும்பாலும் மிக வலுவான கை இல்லாதவர், இருந்திருந்தால் அவரே மூன்றாம்படி ஏற்றியிருப்பார். ஆகவே 'நெருக்கேற்றம்'. அளவும் மாறும். கட்ஆஃப் 2.5, பட்டன் ஈடு, பெரிய முன்கட்டில் இருந்து 13. புதிதாகப் போடுவது 12, நடுவில் 6.5, தேவைப்படும் கவிழ்ப்பு 65 விழுக்காடு. இங்கே பலரும் செய்யும் பிழை, ஒற்றை எதிராளிக்கு வைக்கும் அதே 11ஐ வைப்பது. திறந்தவர் ஈடுகட்டிவிட்டால் அடுத்தவருக்கும் விலை மலிந்துவிடும், கடைசியில் நெருக்கியவரே முன்னால் பேசும் இடத்தில் இருவருக்கு நடுவே மாட்டிக்கொள்வார்.

ஒருவர் ஒரு செயலுக்கு எடுக்கும் கைகளின் தொகுப்பு, அதாவது ரேஞ்ச், 'வீச்சு'. அதில் இருவகை. மிக வலுவான கைகளும், ஈடுகட்டத் தகுதி சற்றுக் குறைந்த கைகளும் மட்டும் இருந்து நடுப்பகுதி காலியானால் 'இருமுனை வீச்சு'. மேலிருந்து வரிசையாக இறங்கினால் 'தொடர் வீச்சு'. பெரிய முன்கட்டில் இருப்பவர் நடுத்தரக் கைகளோடு மலிவாக ஈடுகட்டலாம், ஆகவே ஏற்றுவது இருமுனை. சிறிய முன்கட்டில் ஈடுகட்டுவது நல்ல வழியல்ல: ஆட்டம் முழுக்க முன்னால் பேச வேண்டும், பின்னால் ஒருவர் நெருக்கேற்றக் காத்திருக்கிறார், நடுச்சீட்டு விரிந்தால்தான் மேசைக் கழிவு (ஆட்டம் நடத்துபவரின் பங்கு) எடுக்கும் இடங்களில் அதையும் கட்ட வேண்டும். ஆகவே அங்கே பெரும்பாலும் ஏற்று அல்லது கவிழ், வீச்சு தொடர். இந்த இரண்டையும் குழப்பி, சிறிய முன்கட்டில் இருமுனையாக ஆடுபவர் ஏஸ்-பத்து, ராஜா-ராணி போன்ற நல்ல கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீணாக்குகிறார்.

கீழ்முனைக்கு எதை எடுப்பது என்பதில்தான் 'பிளாக்கர்', அதாவது எதிராளியிடம் வலுவான கை இருக்கும் வாய்ப்பைக் குறைக்கும் நம் சீட்டு, வருகிறது. 'மறிசீட்டு' என்று வைக்கலாம். ஒரே இன ஏஸ்-ஐந்து கையில் இருந்தால் எதிராளியின் ஏஸ் ஜோடி 6 சேர்க்கையிலிருந்து 3 ஆகிறது, ஏஸ்-ராஜா 16லிருந்து 12. அந்த 34 இப்போது 27. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஒரே ஒரு சீட்டால். முழுக்கட்டு வரை போய் ஈடுகட்டப்பட்டாலும் அந்த 27க்கு எதிரே சுமார் 30 விழுக்காடு வெல்லும் வாய்ப்பு மிஞ்சும். இனம் மாறிய ஏஸ்-ஒன்பதும் அதே அளவு மறிக்கும், ஆனால் ஈடுகட்டப்பட்ட பின் ஒரே இன ஐந்து சீட்டும் தொடர் வரிசையும் சேரும் வழி அதற்குக் குறைவு.

மடல் 6

படி, எதிரேற்றம், நெருக்கேற்றம், மறிசீட்டு நான்குக்கும் மறுப்பு வரவில்லை, பட்டியலில் ஏற்றுகிறேன். விளக்கத்தில் சேர்க்க வேண்டிய விளிம்பு நிலைகள் சில:

திறக்காமல் முன்கட்டை மட்டும் ஈடுகட்டி நுழைவது படி ஏறாது. அப்படி நுழைந்தவர்மேல் ஏற்றினால் அது இரண்டாம்படியே. நுழைந்தவரே திரும்பி ஏற்றினால் மூன்றாம்படி.

சீட்டுப் பார்க்கும் முன் ஒருவர் தானாக இரட்டிப்பு முன்கட்டு போட்டால் (ஸ்ட்ராடில்) அதை இரண்டாம்படி என்று எண்ணக் கூடாது. அதுவே புதிய முதற்படி. ஆனால் ஆழக் கணக்கு மாறும்: 100 அலகு 50 அலகாகச் சுருங்கிவிடும், ஏற்ற அளவுகளும் அதற்கேற்ப.

கடைசியாக, சில்லு குறைந்தவரின் முழுக்கட்டு. வரம்பில்லா ஆட்டத்தில் ஓர் ஏற்றம் அதற்கு முந்தைய ஏற்றத்தின் அளவாவது இருக்க வேண்டும். முன்கட்டு 1, திறப்பு 2.5 என்றால் கூடியது 1.5, ஆகவே மூன்றாம்படி குறைந்தது 4. ஒருவரிடம் 3.5 மட்டுமே இருந்து முழுவதையும் வைத்தால் அது படி ஏறாத 'குறையேற்றம்'. திறந்தவரிடம் ஆட்டம் திரும்பும்போது, இடையில் வேறு யாரும் முழுமையாக ஏற்றவில்லை என்றால், அவர் அந்த 1 அலகை ஈடுகட்டலாம் அல்லது கவிழ்க்கலாம், மறுபடி ஏற்ற முடியாது. இன்னும் முடிவெடுக்காத ஆளுக்கு அந்தத் தடை இல்லை, அவர் அதன்மேல் ஏற்றினால் அதுவே மூன்றாம்படி. 'அரைப்படி' என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பாதி அளவு என்று தொகைப் பொருள் மறுபடி உள்ளே வந்துவிடும் என்பதால் குறையேற்றத்தையே வைத்திருக்கிறேன்.