பதிவுத் திருமணத்துக்குச் சடங்கும் லைசென்ஸும் கட்டாயமா?

கேள்வி:
இருவரும் வயது வந்தவர்கள், மனமொத்தவர்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டதுமே திருமணம் முடிந்தது என்று சட்டம் ஏன் சொல்லக்கூடாது? முன் அனுமதி, காத்திருப்பு, சாட்சி, உறுதிமொழி... இவற்றில் எதை எடுத்தால் எது கெடும்?

பதில் 1:
லைசென்ஸ், சடங்கு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லைசென்ஸ் (மண அனுமதி) அல்லது நோட்டீஸ் (மணக்கப்போவதாக முன்கூட்டியே தரும் அறிவிப்பு) என்பது முன்சோதனை: வயது சரியா, முந்தைய துணை இருக்கிறாரா, விலக்கப்பட்ட உறவா. சடங்கு, சம்மதம் சொன்ன நேரத்தைக் குறித்து வைக்கிறது. இந்தியாவின் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ்; கொடுத்த 3 மாதத்துக்குள் மணம் முடிக்காவிட்டால் புது நோட்டீஸ் தர வேண்டும். மணநாளில் திருமண அதிகாரி, 3 சாட்சிகள் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக, தங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயமாகக் கேட்கும் சடங்கு அவ்வளவுதான். தாலி, மோதிரம் உங்கள் விருப்பம்.

பதில் 2:
அந்த வாக்கியமும் தேவையில்லை என்பேன். அமெரிக்காவின் கொலராடோவில் நடத்திவைக்க யாரும் வேண்டாம், லைசென்ஸில் தம்பதியே கையெழுத்திடலாம். மொன்டானாவில் சாட்சிகளோடு எழுத்து மூலம் அறிவித்தாலே போதும்.

இந்தியாவில் உடனே எடுக்க வேண்டியது நோட்டீஸை அலுவலகப் பலகையில் ஒட்டும் முறை. வீட்டாரை மீறி மணப்பவர்களின் பெயரையும் முகவரியையும் 30 நாள் ஊருக்குக் காட்டுவது ஆபத்து. முன்மணம் உண்டா என்பதை அலுவலகமே பதிவேட்டில் பார்க்கட்டும்.

பதில் 3:
பலகை விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் லைசென்ஸ், சடங்கு இரண்டுமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை டெக்சாஸில் பாருங்கள். மணமானவர்கள் என்று ஒப்புக்கொண்டு, அங்கே சேர்ந்து வாழ்ந்து, பிறரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டால் திருமணம் உண்டு. சிக்கல் ஒருவர் இறந்த பிறகுதான். சொத்துக் கேட்பவர் வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம், காப்பீட்டுத் தாள் என்று தேடி நிரூபிக்க வேண்டும். எங்கோ ஒரு படிவத்தில் "மணமாகாதவர்" என்று டிக் அடித்திருந்தால் அதையே எதிர்த்தரப்பு நீட்டும். இப்படிச் சேர்ந்தவர்களும் பிரிய முறையான விவாகரத்து வேண்டும். அது தெரியாமல் வேறொருவரை மணந்தால் இரண்டாவது மணமே செல்லாமல் போகலாம். சேர்ந்து வாழ்ந்ததை வைத்தே மணம் என்று ஏற்கும் முறையை ஸ்காட்லாந்து 2006-இல் நிறுத்தியது.

பதில் 4:
எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி சான்றிதழ் மட்டும் வாங்கிவிட்டு, உரிய சடங்கு நடக்காவிட்டால் அது திருமணமே ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாவுக்காக இப்போது பதிவு, முகூர்த்தம் பிறகு என்று திட்டமிடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலிலேயே பதிவு வேண்டுமென்றால் சிறப்புத் திருமணச் சட்டமே சரியான வழி.

பதில் 2-க்கு ஒரு வார்த்தை: கையெழுத்தை வீட்டில் மிரட்டியும் வாங்கலாம். ஆகவே காத்திருப்பு, நோட்டீஸ் பலகை, சாட்சி எண்ணிக்கை எல்லாவற்றையும் குறையுங்கள். நேரில் வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இருவரையும் தனித்தனியாக, உறவினர் யாரும் அறையில் இல்லாமல், "இது உங்கள் விருப்பமா?" என்று அதிகாரி கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். எழுத்துப் பிழையோ முத்திரை விடுபட்டதோ இருந்தால் பதிவைத் திருத்தட்டும், திருமணத்தை ரத்து செய்யக்கூடாது.