மறுமொழி: ‘கவர்ட் பிரிட்ஜ்’ – கூரைப்பாலம் என்றே வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேலே கூரையும் இரண்டு பக்கமும் பலகையும் அடித்த பழைய மரப்பாலங்களைப் பற்றிய கட்டுரைக்காக ‘கவர்ட் பிரிட்ஜ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தோம். மூடிய பாலம், கூண்டுப் பாலம், தாழ்வாரப் பாலம், கூரைப்பாலம் என்று நான்கு வந்திருக்கின்றன. என் வாக்கு கூரைப்பாலத்துக்கு. ஆனால் அந்தக் கூரை எதற்கு என்பதில் தெளிவில்லாமல் சொல்லை மட்டும் முடிவு செய்துவிட்டால், அடுத்த கட்டுரையிலேயே இந்தப் பேச்சு திரும்ப வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> போகிற வருகிறவர்கள் மழையிலும் பனியிலும் நனையாமல் இருக்கத்தானே கூரை?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெர்மான்டின் குளிர்காலத்தைப் பார்த்தால் அது சரிப்படாது என்று தெரியும். அந்தக் காலத்தில் குளிர் வந்துவிட்டால் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சறுக்குவண்டி பூட்டுவார்கள். கூரை இருப்பதால் பாலத்துக்குள் பனி விழாது. வெறும் பலகையில் சறுக்குவண்டி நகராது. அதனால் ஊர்க்காரர்களே வெளியிலிருந்து பனியை வாரிக்கொண்டு வந்து பாலத்தின் தரைப்பலகை மேல் பரப்பினார்கள். அதற்கு ஆளும் கூலியும் ஒதுக்கினார்கள். பயணிகளின் வசதிதான் நோக்கம் என்றால், இப்படி வேலை வைக்கும் கூரையைப் போட்டிருக்க மாட்டார்கள்.

கூரை பாலத்துக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், பாலத்தைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டகங்களுக்காக. மரம் நனைவதால் மட்டும் கெடுவதில்லை, நனைந்து காயாமல் இருந்தால்தான் கெடும். ஒரு மரமும் இன்னொரு மரமும் சேரும் பொருத்துக்குள் இறங்கிய தண்ணீருக்கு வெயிலும் எட்டாது, காற்றும் எட்டாது. வெளியே பார்த்தால் சட்டம் திடமாக இருக்கும். உள்ளே கறுத்துப்போய், ஆணியைக் குத்தினால் பொதபொதவென்று இறங்கும். பாரம் முழுவதும் கூடுகிற இடமும் அந்தப் பொருத்துதான். திறந்து விட்ட மரப்பாலம் பத்திருபது ஆண்டு நிற்பதே பெரிது. மேலே கூரையும் இரண்டு பக்கமும் பலகையும் அடித்துவிட்டால் நூறாண்டைத் தாண்டுகிறது. கூரை ஓட்டையானால் மாற்றலாம், பக்கப் பலகை மக்கினால் கழற்றிவிட்டு வேறு அடிக்கலாம். உள்ளே இருக்கும் சட்டகம் அப்படியே இருக்கும்.

பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் 1805இல் திறந்த ‘பெர்மனென்ட் பிரிட்ஜ்’ அமெரிக்காவின் முதல் கூரைப்பாலமாகச் சொல்லப்படுகிறது. திமொத்தி பால்மர் கட்டியது. கூரை போட்டே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் பாலக் கம்பெனியின் தலைவரான நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். நன்றாக மூடி வைத்தால் 30 ஆண்டு, ஒருவேளை 40 ஆண்டு கூட நிற்கும் என்பது பால்மரின் கணக்கு. பின்னால் வந்த வெர்மான்ட் பாலங்கள் அந்தக் கணக்கை எங்கோ விட்டுவிட்டுப் போய்விட்டன.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

‘மூடிய பாலம்’ வேண்டவே வேண்டாம். நம் செய்தித்தாள்களில் பாலம் மூடல் என்றால் போக்குவரத்து நிறுத்தம்தான். 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயலின் வெள்ளம் வெர்மான்டில் பல பாலங்களைச் சேதப்படுத்தியது. 1870இல் கட்டிய பார்டன்ஸ்வில் பாலம் வில்லியம்ஸ் ஆற்றில் சாய்ந்து அடித்துச் செல்லப்பட்ட காணொளியை நம்மில் சிலராவது பார்த்திருப்போம். அந்த வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது ‘மூடிய பாலங்கள் மூடப்பட்டன’ என்று எழுத நேரும். எந்த வாசகருக்கும் இது தலைசுற்றும்.

‘கூண்டுப் பாலம்’ சொன்னவர் கூண்டு வண்டியை நினைத்துச் சொல்லியிருக்கிறார். அழகான வழிதான். வண்டி கட்டிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும். ஆனால் இன்றைக்குக் கூண்டு என்றதும் கிளிக்கூண்டும் புலிக்கூண்டும்தான் முன்னால் வருகின்றன. கம்பிகள் வெளியே தெரியும் இரும்பு ரயில் பாலத்தைத்தான் பலர் நினைப்பார்கள். வெர்மான்ட் பாலமோ வெளியிலிருந்து பார்த்தால் ஆற்றின் குறுக்கே யாரோ நீளமான வைக்கோல் கொட்டகையைக் கொண்டு வைத்தது போல இருக்கும். சட்டகம் துளியும் தெரியாது.

‘தாழ்வாரப் பாலம்’ சீனப் பெயரின் வழி வந்தது. ஃபூஜியன், ஜெஜியாங் மலைப்பகுதிகளின் கூரையுள்ள மரப்பாலங்களுக்கு அங்கே வழங்கும் ‘லாங் சியாவ்’ என்ற பெயருக்கு அதுதான் பொருள். அந்தப் பாலங்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஓரம் நெடுக உட்காரப் பலகை, நடுவில் சாமி மாடம், கூடிப் பேச இடம் என்று அவை உண்மையிலேயே தாழ்வாரங்கள். வெர்மான்டில் பக்கப் பலகையைத் தாண்டி உள்ளே வெளிச்சமே குறைவு. வைக்கோல் ஏற்றிய வண்டி புகுந்து வெளியேறும் அளவுக்குத்தான் அகலமும் உயரமும் வைத்திருக்கிறார்கள். சீனப் பாலங்களைத் தனியாக எழுதும்போது தாழ்வாரப் பாலம் என்றே எழுதலாம். பொதுப்பெயராக வேண்டாம்.

கூரைப்பாலத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு வந்தது: ரயில் நிலையத்தில் தகரக் கூரை போட்ட நடைமேம்பாலமும் கூரைப்பாலம்தானே? அதை யாரும் கூரைப்பாலம் என்று அழைப்பதில்லை. அதற்கு நடைமேம்பாலம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதனால் குழப்பம் வராது. கட்டுரையின் முதல் வரியிலேயே ‘மரச்சட்டகம் மழையில் மக்காதபடி கூரையும் பக்கப் பலகையும் அடித்த பாலம்’ என்று வரையறை கொடுத்துவிட்டால் போதும். இலங்கையில் பதுளைக்குப் பக்கத்தில் போகொடவில் ஓடு வேய்ந்த பழைய மரப்பாலம் இருக்கிறதே, அதையும் இந்தச் சொல் தயக்கமில்லாமல் ஏற்கும். கூரைப்பாலத்தில், கூரைப்பாலங்களை என்று வேற்றுமை ஏற்றாலும் வாயில் உறுத்தவில்லை. தயவுசெய்து சேர்த்தே எழுதுவோம்.

அப்புறம், இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உள்ளே இருக்கும் சட்டகத்தின் பெயர். வெர்மான்டில் நிறைய பாலங்கள் ‘டவுன் லேட்டிஸ்’ வகை. இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை பெற்ற முறை இது. பெரிய உத்திரங்கள் தேவையில்லை; மர அறுவை ஆலையில் கிடைக்கும் சாதாரணப் பலகைகளைச் சாய்த்துச் சாய்த்து ஒன்றன் குறுக்கே ஒன்றாக வைத்து, வெட்டிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் துளை போட்டு மரஆணி அடித்துவிடுவார்கள். கைதேர்ந்த தச்சர் இல்லாத ஊரும் கட்டிக்கொள்ள முடிந்தது. அதனால்தான் கிராமம் கிராமமாகப் பரவியது.

இதற்கு ‘பின்னல் சட்டகம்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். பின்னலில் இழை மேலும் கீழுமாக மாறி மாறிப் போகும். இங்கே அப்படி இல்லை. ஒரு வரிசைப் பலகைகள் முழுவதும் ஒரு பக்கம், எதிர்ச்சாய்வு வரிசை முழுவதும் மறுபக்கம்; இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மரஆணி. நம் பழைய வீடுகளில் இதே அமைப்புக்குப் பெயர் இருக்கிறது: கிராதி. முன்கட்டில், சன்னலில், பாதிக் கதவில் ரீப்பர்களைச் சாய்வாகக் குறுக்கே வைத்து அடித்தது. தச்சரிடம் ‘கிராதி வை’ என்றால் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஆகவே ‘கிராதிச் சட்டகம்’ என்பேன். வெர்மான்டின் விண்ட்சரையும் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷையும் இணைத்து 1866இல் கட்டிய பாலம் இந்த வகைதான்; பலகைக்குப் பதிலாகத் தடித்த சட்டங்களால் ஆன கிராதி. கனெக்டிகட் ஆற்றின் மேல் கிட்டத்தட்ட 137 மீட்டர் நீளம். குதிரையை நடத்தியே கூட்டிச் செல்லவேண்டும், மீறினால் 2 டாலர் அபராதம் என்ற பலகை அதன் முகப்பில் இன்னும் இருக்கிறது. இப்போது கார்கள் போகின்றன.

சட்டகத்தோடு மர வளைவையும் சேர்த்துக் கட்டும் தியடோர் பர் முறைக்கு ‘வில்வளைவுச் சட்டகம்’ என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டோம்; அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: உங்கள் பக்கத்தில் கிராதி என்ற சொல் தச்சர்களிடம் புழங்குகிறதா? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், கட்டுரையில் இரண்டையும் போட்டுவிடலாம். மறுப்பு இல்லாவிட்டால் வரும் ஞாயிற்றுக்கிழமை கூரைப்பாலம், கிராதிச் சட்டகம், மரஆணி, பக்கப் பலகை ஆகிய நான்கையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.