மறு: ஜப்பானிய வாட்காப்பு – பிற்கால மாற்றங்களுக்குச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> மாடிஃபிகேஷன் என்பதற்குத் 'திருத்தம்' போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. திருத்தம் என்றால் முதலில் செய்தவர் ஏதோ தப்பு பண்ணிவிட்டார் என்று ஆகிவிடும். நேற்று ஒருவர் சொன்ன 'சிதைவு' அதைவிட மோசம். பொருளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதிவிடுகிற சொற்கள் இரண்டும்.

கத்தானா என்கிற ஜப்பானிய வாளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே நிற்கிற தட்டுதான் நம் பொருள். ஜப்பானியப் பெயரை அப்படியே 'சுபா' என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, ஆகவே இந்த மடல் இழையின் தொடக்கத்தில் ஒத்துக்கொண்ட 'வாட்காப்பு' என்பதையே வைத்துக்கொள்கிறேன். பிடியில் உள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி, வாஷர், காப்பு எல்லாம் தனித்தனியே கழன்று வந்துவிடும். அதனால் ஒரே காப்பு தலைமுறை தலைமுறையாக வாள் விட்டு வாள் மாறியிருக்கிறது. அலகின் அடியில் பிடிக்குள் போகும் காம்பு வாளுக்கு வாள் அகலமும் கனமும் வேறு. காப்பின் நடுவே காம்பு நுழைகிற துளை சிறிதானால் அரத்தால் ராவுவார்கள். பெரிதானால் மேலும் கீழும் செம்புத்துண்டு வைத்து இறுக்குவார்கள். இதைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது? காப்பு ஆடாமல் நிற்பதற்கான வேலைதானே.

அந்தச் செம்புத்துண்டுக்கு ஜப்பானியர் 'செகிகானே' என்பார்கள். நம் தச்சர்கள் வாயில் இருக்கிற 'சக்கை' இங்கே அப்படியே உட்காரும். 'இடைநிரப்பி' வேண்டாம், பல் டாக்டர் ஞாபகம் வருகிறது. துளையோரத்தில் உளியால் குத்தி உலோகத்தை உள்ளே தள்ளி இறுக்கிய அடையாளங்களைக் 'குத்துத்தடம்' எனலாம்.

சிக்கல் காம்புத்துளைக்கு இருபுறமும் வரும் பக்கத்துளையில்தான். காம்புத்துளையின் கூர்முனை மேலே இருக்கும்படி முன்பக்கத்தைப் பார்த்தால், இடப்பக்கம் அரைவட்டத் துளை, உறையோரம் செருகும் சிறுகத்திக்கு. வலப்பக்கம் மூவிதழ் போன்ற துளை, கூந்தல் ஒதுக்கும் ஊசிக்கு. பழைய எளிய இரும்புக் காப்புகள் பலவற்றில் இவை முதலில் கிடையாது. உறையில் சிறுகத்தி வைக்க ஆசைப்பட்ட பின்னாள் உடைமையாளர் வெட்டிக்கொண்டார்.

> பிறகு வெட்டியது என்று எப்படித் தெரியும்? துருவின் நிறம் வேறாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெட்டி இருநூறு ஆண்டு ஆகியிருந்தால் அதுவும் கறுத்துப்போயிருக்கும். நான் முதலில் பார்ப்பது வடிவமைப்பை. ஊடறுப்பு வேலை, அதாவது உலோகத்தை ஊடுருவ வெட்டி உருவம் எடுக்கிற வேலை, செய்த காப்பில் கைவினைஞர் பக்கத்துளையையும் கணக்கில் சேர்த்தே கொடியையும் இலையையும் வளைத்திருப்பார். ஒரு கொடித்தண்டு பக்கத்துளையின் விளிம்பில் மொட்டையாக நின்றால் சந்தேகப்படுங்கள். அடுத்தது கையெழுத்து. காம்புத்துளையைச் சுற்றி வாஷர் உட்காரும் முட்டைவடிவப் பகுதியில்தான் பெயர் பொறிப்பார்கள். எழுத்தின் ஒரு கோட்டைப் பக்கத்துளை தின்றிருந்தால் வாதமே வேண்டாம், துளை பிந்தையது. அப்புறம் லென்ஸை வைத்துத் துளையின் உள்சுவரைப் பாருங்கள்: ஆதியிலிருந்தே இருப்பது பெரும்பாலும் மழுங்கி வழவழவென்றிருக்கும், அவசரத்தில் வெட்டியதில் அரத்தின் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், ஓரமும் விரலைக் கிழிக்கும்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. தேவை போனதும் பக்கத்துளையை ஈயத்தாலோ, தங்கம் கலந்த கறுப்புச் செம்பான 'ஷகுதோ'வாலோ அடைத்தார்கள். இதற்கு 'அடைப்பு' போதும். அடியில் இரண்டு சின்ன ஓட்டைகள் கண்டால் உடனே ஏதோ கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். மணிக்கட்டுக் கயிறு கோக்கவும் அப்படி இடுவதுண்டு.

1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தபின் காப்புகள் வாளைவிட்டுப் பிரிந்து அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடம் குவிந்தன. அதன்பின் விற்பதற்காகச் சேர்த்த பொய்க் கையெழுத்து, புதுத் துருப்பூச்சு எல்லாம் வேறு ரகம். அதற்குக் 'கைவரிசை' என்று பெயர் வைக்கத்தான் ஆசை, அகராதிக்குழு ஒப்பாது. 'விற்பனைப் புனைவு' என்று வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் தலைச்சொல்லாக 'பின்வேலை' என்பதை முன்மொழிகிறேன். யார், எதற்கு, நல்லதா கெட்டதா என்று எதுவும் சொல்லாமல், முதல் பட்டறையை விட்டுப் போனபின் நடந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

> 'மேல்வேலை' இன்னும் புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் தொந்தரவு. தங்கம் பதிப்பது, பொறிப்பது போன்ற மேற்பரப்பு அலங்காரம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். முதல் கைவினைஞரே செய்ததும் அதற்குள் வந்துவிடும்.

ஒரு மாதிரி விவரக்குறிப்பு எழுதிப் பார்த்தேன். இடறுகிற சொல் எது என்று சொல்லுங்கள்:

"இரும்பு, ஊடறுப்பு. காம்புத்துளையில் மேலும் கீழும் செம்புச் சக்கை. மேல்முனையில் குத்துத்தடம் இரண்டு. இடப் பக்கத்துளை ஆதியானது. வலப் பக்கத்துளை பின்வேலை, கையெழுத்தின் ஓரத்தை வெட்டுகிறது, ஈய அடைப்பு."