ஹாப்பரின் கடைவரிசை ஓவியம்: அது காலை நிழலே இல்லை!

நிழல்வேட்டை: நேற்று ஒரு அன்பர் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் 'எர்லி சண்டே மார்னிங்' (ஞாயிறு அதிகாலை) படத்தைப் போட்டு, "அதிகாலை வெயிலை இவ்வளவு உண்மையாக யாரும் வரைந்ததில்லை" என்று உருகியிருந்தார். கீழே ஆளாளுக்கு ஆமாம் சாமி. 1930-ல் வரைந்த படம். செங்கல் கட்டடம், கீழே பழைய கடைகள், மேலே குடியிருப்பு. நியூயார்க் ஏழாம் அவென்யூவை ஏறக்குறைய அப்படியே வரைந்ததாக ஹாப்பரே சொன்னார். அந்த அவென்யூ வடக்கு தெற்காக ஓடுகிறது. தீயணைப்புக் குழாயின் நிழலோ நடைபாதையோடு நீளமாகப் படுத்திருக்கிறது. கிழக்கே உதிக்கிற சூரியன் நிழலைத் தெருவுக்குக் குறுக்கே அல்லவா தள்ளும்?

பழையபேப்பர்: அந்த அன்பர் நான்தான். பேர் சொல்லியே திட்டுங்க, பரவாயில்ல. ஓவியம் பார்க்கத் திசைகாட்டியோட கிளம்பின முதல் ஆள் நீங்கதான் சார். கடைப் பலகையில ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாதபடி தீட்டியிருக்கார். மாடி ஜன்னல்ல ஒரு ஆளை வரைஞ்சு, அப்புறம் அவரே மறைச்சுட்டார். அவர் எதை 'அப்படியே' வரைஞ்சார்?

நிழல்வேட்டை: கேட்டதற்குப் பதில் இல்லை. நிழல் குறுக்கே விழ வேண்டுமா, வேண்டாமா?

மாடிப்படி: தலைப்புல இருக்கிற ஞாயிறே ஹாப்பர் வெச்சது இல்லீங்க. முதல்ல வெச்ச பேர் 'செவன்த் அவென்யூ ஷாப்ஸ்', ஏழாம் அவென்யூ கடைகள். ஞாயிறுங்கிறது வேற யாரோ ஒட்டினதுன்னு அவரே சொல்லியிருக்கார்.

பழையபேப்பர்: ஞாயிறுதானே போச்சு, காலை இருக்குல்ல?

நிழல்வேட்டை: காலையும் இல்லை என்றுதான் தொண்டை வறளக் கத்துகிறேன்.

மாடிப்படி: சார், ஏழாம் அவென்யூ இருக்கிற நியூயார்க் மன்ஹாட்டன் பகுதியில அவென்யூக்கள் நேர் வடக்கு இல்ல. சுமார் 29 டிகிரி கிழக்கே சாய்ஞ்சிருக்கு. ஜூன்ல சூரியன் வடகிழக்குல உதிக்கும். மேற்குப் பக்கக் கடைன்னா நிழல் கொஞ்சம் தெருவோட போக வாய்ப்பிருக்கு. முகப்புல வெயிலும் விழும், படத்துல விழுந்திருக்கே!

நிழல்வேட்டை: கொஞ்சம்! அப்போதும் நிழல் சுவர்ப் பக்கம் நன்றாகச் சாய வேண்டும் தம்பி. சாயவில்லை. கிழக்குப் பக்கக் கடை என்று வையுங்கள், குளிர்காலப் பிற்பகலில் இந்த நிழல் அழகாகப் பொருந்தும். பிற்பகல்! இதைச் சொன்னால் ரசனை கெட்டவன் பட்டம்.

மாடிப்படி: படத்துல இருக்கிறது அதே ஊர்ல ப்ளீக்கர் தெரு 233, 235-ஆம் எண் கட்டடம்னும் ஒரு பேச்சு இருக்கு. அந்தத் தெரு கோணலா ஓடுது. அப்படின்னா உங்க கணக்கே...

நிழல்வேட்டை: ஹாப்பர் சொன்னது ஏழாம் அவென்யூ. வசதிக்குத் தகுந்த மாதிரி தெருவை மாற்றாதீர்கள்.

சும்மாஇரு: நடுவுல ஒரு தகவல். படத்துல கடை முன்னாடி நிக்கிற சலூன் கம்பத்துச் சிவப்பு, முடிதிருத்துறவங்க ரத்தம் எடுத்து வைத்தியம் பார்த்த காலத்து அடையாளம்.

பழையபேப்பர்: இதை யார் கேட்டா?

சும்மாஇரு: நிழலை மட்டும் யார் கேட்டாங்களாம்? நான் பேசினாதான் உங்களுக்கு எரியும். போன தடவையும் இப்படித்தான், பாதியில என்னை விரட்டினீங்க.

பழையபேப்பர்: நான் விரட்டல. நீங்களா கோவிச்சுக்கிட்டுப் போனீங்க. ஆனா நிழல்வேட்டை சாரோட பழைய கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஹாப்பரோட இன்னொரு படம் 'நைட்ஹாக்ஸ்', அதுல வர்ற ராத்திரிச் சாப்பாட்டுக் கடைக்குக் கதவே இல்லைன்னு நாலு நாள் சண்டை போட்டார். உள்ளே சமையலறைக் கதவு இருக்குன்னு காட்டினதும் ஆளையே காணோம்.

நிழல்வேட்டை: தெருவிலிருந்து நுழையக் கதவு இல்லை என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன். காணாமல் போகவில்லை, என் தங்கை கல்யாணம்.

சும்மாஇரு: நாலு நாள் கல்யாணமா?

நிழல்வேட்டை: குடும்பத்தை இழுக்காதீர்கள்.

மாடிப்படி: நீங்கதானே சார் இழுத்தீங்க!

பழையபேப்பர்: நியூயார்க் விட்னி மியூசியம் வரைஞ்ச கொஞ்ச மாசத்துலயே காசு கொடுத்து வாங்கின படம் இது. ஐந்தடி அகலம். முன்னாடி நின்னு பார்த்தா காலைன்னு தெரியும்.

நிழல்வேட்டை: நீங்கள் நின்றீர்களா?

பழையபேப்பர்: என் சித்தப்பா பையன் நின்னான்.

நிழல்வேட்டை: நல்லது. அடுத்த முறை அவரைக் கையோடு திசைகாட்டி எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதுவரை என் கேள்வி அப்படியே இருக்கிறது: நிழல் ஏன் குறுக்கே விழவில்லை? சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, அளவோடு படம் போட்டே காட்டுகிறேன்.

சும்மாஇரு: காலையிலயே போடுங்க சார், நிழல் சரியா விழும்.